குதிரை வயிற்றில் ஊற்றிய தண்ணீர்

என் மகளுக்கு உன் ஆத்தா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. எருமை சுகம், கன்று சுகம், உன் பெரியப்பா இருமலோடு சுகம். நான்தான் சுகமாக இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தாள், அவள்மேல் எரிந்து விழுந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் என்று அவளுக்கு நினைப்பு. உனக்குத் தெரியும், உன் ஆத்தாவுக்குக் கோபம் என்று தனியாக ஒன்று கிடையாது. பயம் வந்தால் வாய் நீண்டுவிடும், அவ்வளவுதான்.

வாத்தியாரம்மா வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். பொன்னமராவதிக்கும் மேற்கே, கரியில் ஓடுகிற பஸ்கூடப் போகாத ஊர் என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் சந்தோஷம் நின்றுபோனது. நீ போய் ஒரு நடை பார்த்துவிட்டும் வந்தாயாம். ஒரே அறைப் பள்ளிக்கூடம், குடிக்க ஊருணித் தண்ணீர். நரம்புச் சிலந்திப் புழு வந்த காலோடு நாலைந்து பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்களாம். சேர்ந்ததும் முதல் வேலையாக, அன்றைக்கு நம் ஊர் வாத்தியார் செய்தாரே, அதேபோல ஒரு வாரம் சிலேட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கைப்பாடம் நடத்தப் போகிறாயாம். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில், "போகட்டுமா வேண்டாமா, ஒரே ஒரு வார்த்தை எழுது ஆத்தா" என்று முடித்திருக்கிறாய். ஒரு வார்த்தையாம்! பெற்று வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? பினாங்குக்குப் போன உன் அப்பாவிடமிருந்து யுத்தம் வந்த பிறகு ஒரு வரி இல்லை. எனக்கென்று கண்ணெதிரே இருப்பது நீ ஒருத்தி. எனக்கு ஒரு வார்த்தையில் எழுத வரவில்லை. நீ பொறுமையாக உட்கார்ந்து முழுவதையும் படி, வார்த்தை கடைசியில் இருக்கிறது.

தனியாக ஒரு பெண்பிள்ளை எங்கே தங்குவாய், என்ன சாப்பிடுவாய், பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்பதெல்லாம் சின்னப் பயம். அதற்கெல்லாம் அழுதுவிட்டு விளக்கேற்றி வைத்துவிட்டுத் தூங்கிவிடலாம். பெரிய பயம் உன் வலது கணுக்கால். அது மடங்காமல் போன கதை உனக்குத் தெரியும் என்பாய். நீ பார்த்தது எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணால். நான் பார்த்ததை நான் இதுவரைக்கும் உன்னிடம் சொன்னதில்லை, கேட்டுக்கொள்.

அது பங்குனி. உன் கணுக்காலுக்கு மேலே புளியங்கொட்டை அளவில் ஒரு கொப்புளம் வந்தது. "நெருப்பக் கொட்டுன மாதிரி எரியுது ஆத்தா" என்று நீ புரண்டாய். கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் நுனி ஒன்று எட்டிப் பார்த்தபோது அது சிலந்திப் புழுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிலந்தி நம் ஊருக்குப் புதிதில்லை. வெயில் ஏறினால் இந்த வருஷம் யார் யார் வீட்டில் என்றுதான் கேட்டுக்கொள்வோம். அந்த நுனியை விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, புழு தானாக விடுகிற அளவுக்கு மட்டும் சுற்றி எடுக்க வேண்டும். முழுசாக வந்துவிட்டால் பிழைத்தோம். பாதியில் அறுந்துவிட்டால் உள்ளே இருப்பது அழுகி, கால் வீங்கி, காலே போகும். உயிர் போனவர்களும் நம் தெருவில் உண்டு. அந்தக் குச்சியை உன் காலில் கட்டிவிட்டு, நீ தூக்கத்தில் புரளும்போதெல்லாம் எழுந்து விளக்கைத் தூண்டிப் பார்த்தேன்.

நம் ஊருணியை நாம் எப்படி வைத்திருந்தோம் என்று உனக்கே தெரியும். கரையில் ஐயனார், அவரைச் சுற்றி மண்குதிரைகள். செருப்புப் போட்ட காலோடு யாரையும் கரையேற விட மாட்டோம். குடத்தோடு வருகிறவள் முதல் படியில் காலை அலம்பி, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இறங்குவாள். அவ்வளவு மரியாதை. சிலந்தி வந்தவர்கள் ஐயனாருக்குக் கால் நனைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். விடியலில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வெயில் முகத்தில் படுகிற வரைக்கும் நிற்க வேண்டும். புழு வெளியே வந்து முடிகிற வரைக்கும் இப்படி. நின்றதும் எரிச்சல் சட்டென்று அடங்கும். சாமியே கையால் தடவிக் கொடுப்பதாக நினைப்போம். நானும் நேர்ந்துகொண்டேன். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கி விடுவேன். நீ "ஹா" என்று ஒரு பெருமூச்சு விடுவாய். அதைக் கேட்க எனக்கு எத்தனை ஆறுதல், தெரியுமா!

அந்த நேரம் பார்த்துத்தான் வாத்தியார் கைப்பாடத்தைத் தொடங்கினார். திருவரங்குளம் பக்கத்திலிருந்து நடந்து வருவாரே, மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. "இந்த வாரம் சிலேட்டும் வேணாம், புஸ்தகமும் வேணாம். கையிருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார் என்று நீ குதித்துக்கொண்டு வந்தாய், ஒற்றைக் காலில். படிக்க அனுப்பினால் மண்ணில் விளையாட விடுகிறாரா என்று எனக்கு எரிச்சல். பள்ளிக்கூட வாசலில் ஈரமணலைக் குவித்து நம் ஊரையே செய்தீர்கள். தெருக்கள், வீடுகள், ஊருணி, ஐயனார், எல்லாம். பிறகு எந்த வீட்டில் எத்தனை பேருக்குச் சிலந்தியோ, அந்த மணல் வீட்டில் அத்தனை புளியங்கொட்டை வைக்கச் சொன்னாராம். என் அடுக்களைப் பானையிலிருந்து கொட்டையை அள்ளிக்கொண்டு போனாய். சாயங்காலம் வந்து, நான் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து கேட்டாய்.

"ஆத்தா, வெத்தலக் கொடிக்கால்காரங்க வீடுகள்ல ஒரு கொட்டகூட இல்ல. அவங்க கயிறு போட்டு எறைக்கிற கெணத்துத் தண்ணிதான குடிக்கிறாங்க?"

"அவங்க ஐயனாருக்குக் கெடா வெட்டுறவங்க. அதான் வரல" என்றேன்.

"சேரியில வீட்டுக்கு வீடு கொட்ட கெடக்கு. வாத்தியாரே போயிக் கேட்டுட்டு வந்து வச்சாரு. அவங்களத்தான் நாம படியில எறங்கவே விடுறதில்லயே. நாம மோந்து ஊத்துறதத்தான குடிக்கிறாங்க. அப்ப நோவு தண்ணியிலதான இருக்கு? அவங்க கால்தான் தண்ணியில படவே இல்லயே, அப்ப அத உள்ள விட்டது யாரு ஆத்தா?"

எனக்குச் சல்லடை கையிலேயே நின்றுவிட்டது. வாத்தியார் சேரிக்குள் போய் வந்தார் என்பதற்கே ஊர் என்ன சொல்லுமோ என்று ஒரு பக்கம். நீ கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரிந்துவிட்டதே என்று இன்னொரு பக்கம். "வாய மூடுடி! இதெல்லாம் வெளியில பேசுனா நாக்கு அழுகிப்போகும்" என்று கத்தினேன். நீ வாயை மூடிக்கொண்டாய். கேள்வி மட்டும் அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்றது.

மறுநாள் வாத்தியாரிடம் சண்டைக்குப் போனேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் போன வேகத்தைப் பார்த்துக் கோழிகள் ஒதுங்கின. பள்ளிக்கூட வாசலில் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊருணித் தண்ணீரை வெயிலில் வைத்துப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஏன் வாத்தியாரே, எம்புள்ளய எழுதப் படிக்கத்தான் அனுப்புனேன். சாமி தண்ணியில குத்தம் கண்டுபிடிக்கவா அனுப்புனேன்?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவர், "ஒரு தடவ பாத்துருங்கம்மா. பாத்துட்டுத் திட்டுங்க" என்று கண்ணாடியை நீட்டினார். அவர் கை நடுங்கியது. நடுங்குகிற கையைப் பார்த்ததும் கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். பார்த்தேன். வெறும் கண்ணுக்குத் தூசியாகத் தெரிந்ததெல்லாம் கண்ணாடிக்குள் கால் முளைத்துத் துள்ளிக்கொண்டிருந்தது.

"புண்ணு தண்ணியில பட்டதும் சிலந்தி தன்னோட குஞ்சுகள விட்டுருதும்மா. அத இந்தப் பூச்சி தின்னுது, பூச்சிய நாம குடிச்சுர்றோம். ஒரு வருசம் உள்ள வளந்து அடுத்த பங்குனிக்குக் கால்ல வருது. குடிக்கிற தண்ணிய ரெட்டத் துணியில வடிகட்டணும். சிலந்திக் காலோட யாரும் தண்ணில எறங்கக் கூடாது" என்றார்.

"யாருமின்னா?"

அவர் உன்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "யாருந்தாம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஊரு என்னைய என்ன பண்ணுமோ. ஆனா தெரிஞ்சுபோச்சே, எப்படிச் சொல்லாம இருக்கறது?"

வீட்டுக்கு வந்து தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறக்கவே எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் நாக்கு ஒட்டிக்கொண்டபோது உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து இரட்டையாக மடித்து வடிகட்டினேன். துணியில் பாசிபோல ஏதோ வழவழவென்று தங்கியது. கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தேன். இத்தனை வருஷம் இதையா உனக்குப் பாலாடையில் ஊற்றினேன் என்று நினைத்து நினைத்து உடம்பு கூசியது.

மறுநாள் விடியலில் பழக்கம் விடாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு அப்போதும் தைரியமில்லை. சாமி காரியத்தைப் பாதியில் விட்டால் என்ன ஆகுமோ என்றுதான் கால் நடந்தது. இரண்டாம் படியில் நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காலை மடக்கிக்கொண்டாய். "நான் எறங்க மாட்டேன் ஆத்தா. எம்புழு தண்ணிக்குள்ள குஞ்சு விட்டுரும். தம்பி இதத்தான குடிப்பான்" என்று அழுதாய். தம்பி என்றால் பெரியப்பாவின் கடைசிப் பையன், அப்போதுதான் நடக்கப் பழகியவன். நீதான் அவனை எந்நேரமும் சுமந்து திரிவாய். படியில் நின்ற பெண்கள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. குடத்தை நனைத்தவர்கள் நனைத்தபடி நின்றார்கள்.

வெயில் ஏறுவதற்குள் உன் பெரியப்பா வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. "வர்ற வெள்ளிக்கெழம ஊரு பூரா கரையில கூடும். அன்னைக்கி இந்தப் புள்ள தண்ணியில நிக்கணும். நிக்கலன்னா அப்பறம் இந்த வீட்டுல எது நடந்தாலும் எங்கிட்ட வந்து நிக்காத. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு முழுக்குப் போட்டுரு" என்றார். ஆண் துணை இல்லாத வீடு, அவரை விட்டால் நமக்கு யார்? தண்ணீரில் இறக்கினால் நான் கண்ணாடியில் பார்த்தது என் கண்ணை விட்டுப் போகாது. இறக்காவிட்டால் ஊர் தள்ளி வைக்கும். சாமி கோபித்துக்கொண்டால் உன் கால். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பிள்ளைக்குத்தான் அடி.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தொட்டி. கால் எரிந்தால் ஊருணிக்குப் போகாமல், தண்ணீரை எடுத்து வந்து தொட்டியில் ஊற்றி அதில் வைக்க வேண்டும், பிறகு அதைக் காய்ந்த தரையில் கொட்டிவிட வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். புண் காலை வைக்க யார் வீட்டில் அண்டா கொடுப்பார்கள்? நீங்களே களிமண்ணைப் பிசைந்து ஒரு தொட்டி செய்தீர்கள். சுடாத மண், தண்ணீர் ஊற்றியதும் கரைந்து சேறாக உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் சிரித்தார்களாம், நீ மட்டும் அழுதாயாம். அழுதுவிட்டுக் குச்சி கட்டிய காலோடு நொண்டி நொண்டி வேளார் வீட்டுக்குப் போனாய். ஐயனாருக்குக் குதிரை செய்கிறவரும் அவர்தான், பூசை வைக்கிறவரும் அவர்தான். எனக்குச் சேதி வந்து நான் ஓடியபோது நீ அவர் சூளையோரம் ஒரு பெரிய ஓட்டுத் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய். சூளையில் வெடித்துப்போன குதிரையின் பாதி வயிறு அது, ஆழமாக, தொட்டி மாதிரியே இருந்தது.

"சாமி குத்தம் ஆயிறாதா?" என்று கேட்டேன்.

வேளார் தலையைச் சொறிந்தார். "வெடிச்சத சாமிக்கு வைக்க முடியாது. தூக்கி எறியவும் மனசு வரல. சும்மாதான கெடக்கு, புள்ள கால வச்சுக்கட்டும்" என்றவர், நான் திரும்பும்போது குரலைத் தாழ்த்தி, "ஊருல கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களாத்தான் எடுத்துட்டுப் போனீங்க" என்றார். அவருக்கும் பயம்தான். அந்த வாரம் நம் ஊரில் பயப்படாதவர் என்று யாருமே இல்லை.

வெள்ளிக்கிழமை கரை நிறைய ஜனம். பிள்ளைகள் படியோரம் இரட்டைத் துணியோடு நின்று, வருகிறவர்களின் குடத்து வாயில் கட்டிவிடட்டுமா என்று கேட்டார்கள். சிலர் நீட்டினார்கள், சிலர் துணியைத் தட்டிவிட்டார்கள். வாத்தியார் ஓரத்தில் வெளிறிப்போய் நின்றார். குதிரை வயிற்றை ஐயனாருக்கு முன்னால் வைத்து, புண் இல்லாத பிள்ளைகள் கைக்குக் கை செம்பு மாற்றித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா முன்னால் வந்தார்.

"எறக்கு."

நீ என் கழுத்தைப் பிடித்திருந்த பிடியில் மூச்சு முட்டியது. "எறங்க மாட்டா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

"நேந்துக்கிட்டது நீதான?"

"நாந்தான். கால் நனைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். எங்க நின்னு நனைக்கிறேன்னு சொல்லல. இது அவரு தண்ணி, இது அவரு குதிர. புள்ள கால அவரே தாங்கிக்கட்டும்."

சொல்லிக்கொண்டே உன் காலைக் குதிரை வயிற்றில் வைத்தேன். நீ "ஹா" என்று பெருமூச்சு விட்டாய். அவ்வளவு பேர் கூடியிருந்த கரையில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். யாராவது கல்லெடுப்பார்களோ என்று நான் உன்மேல் கவிந்து நின்றேன். கூட்டத்தின் பின்னாலிருந்து மேலத்தெருக்காரி ஒருத்தி, அவளுக்கும் முழங்காலில் சிலந்தி, தயங்கித் தயங்கி வந்து, "இவ எடுத்ததும் நான் வைக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்கு அந்த ஒரு வார்த்தையை மகிழ்ச்சியாக எழுதியிருப்பேன். முடியவில்லையே. நாலைந்து நாள் கழித்து, காலையில் வழக்கம்போலக் குச்சியைச் சுற்றினேன். இழுக்கவில்லை, தாயி, சத்தியமாக இழுக்கவில்லை. சுற்றிக்கொண்டிருக்கும்போதே குச்சி என் கையில் லேசாகிவிட்டது. அறுந்த நுனி சுருண்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். நீ "என்ன ஆத்தா?" என்றாய், நான் ஒன்றுமில்லை என்றேன். அன்று சாயங்காலமே காய்ச்சல். மறுநாள் கால் தூணாக வீங்கிவிட்டது. நினைவு தப்பி, தம்பி தம்பி என்று பிதற்றினாய். உன்னைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டி வந்தது யார் தெரியுமா? எங்கிட்ட வந்து நிக்காத என்று சொன்ன உன் பெரியப்பாதான். வல்லத்திராக்கோட்டை தாண்டும்போது மாட்டை விரட்டிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கீறிச் சீழை எடுத்து உயிரைக் காப்பாற்றினார். கணுக்கால் மட்டும் கட்டையாக நின்றுவிட்டது.

ஊர் என்ன சொன்னது என்று நான் எழுத வேண்டுமா? சாமியிடம் விளையாடினால் இப்படித்தான் என்றார்கள். வாத்தியாரை மாற்றலாக்கிவிட்டார்கள், அவர் உன்னைப் பார்க்க வந்தபோது கட்டிலருகே நிற்க முடியாமல் வெளியே போய் நின்றார். உனக்குப் பின்னால் காலை வைத்த மேலத்தெருக்காரிக்குப் புழு முழுசாக வந்து, அவள் நடவுக்கே போய்விட்டாள். உனக்கு மட்டும் ஏன் அறுந்தது? ஊருணியில் நின்ற காலத்திலும் எத்தனையோ பேருக்கு அறுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நீ நடக்கிற நடையைப் பார்த்துவிட்டுக் காப்பியை வைத்துவிட்டுப் போன ஒவ்வொரு தடவையும், அன்றைக்கு ஊருணியில் இறக்கிவிட்டிருந்தால் என்று நெஞ்சில் ஒரு குத்தல். இன்னும் எனக்கு அது போகவில்லை. பொய் சொல்ல வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இன்னொன்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். இந்தப் பங்குனியில் நம் ஊரில் ஒரு வீட்டிலும் குச்சி கட்டிய கால் இல்லை. போன பங்குனியிலும் இல்லை. இது ஒரே நாளில் வரவில்லை. மேலத்தெருக்காரி சொல்லி இன்னொருத்தி, அவள் சொல்லி இன்னொருத்தி என்று குதிரை வயிறு வீடு வீடாகப் போனது. இப்போது நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் குடத்தோடு வடிதுணியும் எடுத்துக்கொண்டுதான் ஊருணிக்குப் போகிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஐயனார் உத்தரவு என்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். நீ யாருக்காகக் காலை மடக்கிக்கொண்டாயோ, அந்தத் தம்பி பனைமரம் ஏறி இறங்கிக் கொட்டமடிக்கிறான். அவன் காலில் முள் குத்தின தழும்பு உண்டு, சிலந்தித் தழும்பு கிடையாது. பெரியப்பா அவன் ஓடுவதைச் சில சமயம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். இங்கே உனக்கு நான் இருந்தேன், வேளார் இருந்தார், மேலத்தெருக்காரி இருந்தாள். அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? நீ சாய்ந்து சாய்ந்து நடந்து போய் அவர்களுடைய தண்ணீரைப் பற்றிப் பேசினால், "மொதல்ல ஒங்காலு என்னாச்சும்மா?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு நீ என்ன சொல்வாய் என்று நினைத்தால் எனக்குக் கை கால் ஓடவில்லை. அதனால் கேட்டுக்கொள். போனவுடன் பூதக்கண்ணாடியை எடுக்காதே. முதலில் புளியங்கொட்டையை வைக்கச் சொல், அவர்கள் கொட்டையை அவர்களே வைக்கட்டும். தண்ணீரை அழுக்கு என்று ஒருபோதும் சொல்லிவிடாதே. அது அவர்கள் சாமி, கரையில் நின்று கும்பிட்டுவிட்டுப் பேசு. அந்த ஊர் வேளார் யார் என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள். சேரிப் பிள்ளைகளை ஓரத்தில் உட்கார வைக்காதே, அன்றைக்கு எனக்குக் கண் திறந்தது அந்த வீடுகளின் கொட்டையால்தான். சேலையை இறக்கிக் கட்டிக் கணுக்காலை மறைக்கிறாயே, அதை விட்டுவிடு. கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல். அறுந்ததையும் சொல். அறுந்ததை மறைத்தால் பிறகு எதையும் நம்ப மாட்டார்கள். வாத்தியாருடைய கை நடுங்கியதே, அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் நான் அந்தக் கண்ணாடியை வாங்கினேன். உனக்கும் நடுங்கினால் நடுங்கட்டும், மறைக்காதே.

உன் கடிதத்தைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு இருமி முடித்தார். பிறகு, "அந்த ஊருக்காரன் என்ன செய்வானோ. புள்ளையத் தனியா விடாத. நான் வண்டி கட்டுறேன்" என்றார். எழுந்து போனவர் திரும்பி வந்து, "வேளார்கிட்ட ஒரு நல்ல வயிறாச் சுட்டுத் தரச் சொல்லு, வைக்கோல் போட்டு வண்டியில வச்சுக்கலாம். அங்கிட்டு அந்த மாதிரி கெடைக்குமோ என்னவோ" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் குதிரையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. வேளார் சுட்டுவிட்டார், நம் வாசலில்தான் கவிழ்த்து வைத்திருக்கிறது.

ஒரு வார்த்தை கேட்டாய். வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த ஊரில் குச்சி கட்டிய காலோடு உட்கார்ந்திருந்தார்களே, அந்தப் பிள்ளைகளுக்கும் ஆத்தாமார் இருப்பார்கள். போ என்று எழுதப் பார்த்தேன், பெற்ற பிள்ளைக்குப் போ என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்குக் கரையில் நின்றபோது எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் இப்போதும் இருக்கிறது, எழுத்துக் கோணுகிறது பார். ஒன்று கேட்டாய், இரண்டாக எழுதுகிறேன்.

போயிட்டு வா.

உன் ஆத்தா